கடலடைப்பு

ரேடியோவில் அண்ணனின் குரல் வந்தபோது நான் கப்பலின் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, சீல் என்ற கடல்விலங்கின் தோலால் தைத்த காலணிக்குள் எதற்காகப் புல் வைக்கிறோம் என்று பயணிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சுக்கான் அறையிலிருந்து மாலுமி ஒருவன் வந்து, "ஒங்க ஊர்லேர்ந்து கூப்புடறாங்க. வேற யார்கிட்டயும் பேச மாட்டாராம்" என்று காதருகே சொன்னான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் மடியில் காலணியை வைத்துவிட்டு மாடிப்படிகளில் ஓடினேன். அண்ணன் இலாங்வாக் என்னிடம் பேசி ஏழு மாதம் போயிருந்தது. யாராவது செத்துப்போயிருந்தால் தவிர அவன் என்னைக் கூப்பிடுவான் என்று நான் நினைக்கவில்லை.

"நிவியாக், நீதானே?"

"நான்தான் அண்ணா. என்ன ஆச்சு?"

"நார்வால் வந்திருச்சு. உள்கடல் நெறையக் கெடக்கு. காலைல நாங்க தண்ணியில எறங்கறோம். ஒன் கப்பலை இந்தப் பக்கம் கொண்டுவராத."

"என் கப்பலா அது?"

"ஒன் கப்பல்தான். அதுலதானே குடியிருக்கே? ஒன் எஜமானிகிட்டச் சொல்லு. ஒரு இன்ஜின் சத்தம் கேட்டாப் போதும், அத்தனையும் வெளிய ஓடிரும். போன வருஷம் மாதிரி."

நான் வாய் திறப்பதற்குள் தொடர்பை வெட்டிவிட்டான். சுக்கான் அறையில் இருந்தவர்கள் யாருக்கும் எங்கள் பாஷை தெரியாது. ஆனாலும் எல்லோரும் கண்ணாடிக்கு வெளியே எதையோ முக்கியமாகப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்கள். திட்டு வாங்குகிறவளின் முகம் எல்லாப் பாஷையிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

போன வருஷம் வேறொரு கப்பல். ஆகஸ்டில், ஒற்றைக் கொம்புத் திமிங்கிலங்களான நார்வால்கள் உள்ளே வந்த அன்றைக்கே, அதுவும் வந்தது. மலைகளுக்கு நடுவே நீண்டு போகும் எங்கள் உள்கடலில் அதன் ரப்பர் படகுகள் கரைக்கும் பனிப்பாறைக்குமாக நாள் முழுக்க ஓடின. அதற்குப் பிறகு அந்தக் கோடையில் ஒரு கொம்புகூடத் தண்ணீருக்கு மேலே தெரியவில்லை. எங்கள் ஊரான அக்பாலிக்கில் இருப்பது முப்பது வீடு. நார்வால் கறி மனிதர்களுக்கு மட்டுமல்ல, நாய்களுக்கும் அதுதான் குளிர்காலத் தீனி. கடையில் விற்கிற நாய்த்தீனியை வாங்கிக் கட்டுப்படியாகிறவர்கள் எங்கள் ஊரில் யாரும் கிடையாது. ஜனவரியில், நான் தலைநகரான நூக்கில் என் வாடகை அறையில் இருந்தபோது, அண்ணன் போன் செய்தான். "பாதி நாய்ங்களச் சுட்டுட்டேன்" என்றான். அவனிடம் முதன்முதலாகப் பனிவண்டி இழுத்த கிழட்டு நாயும் அதில் உண்டா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வைத்துவிட்டான். அதற்கப்புறம் இன்றைக்குத்தான்.

இந்தக் கப்பலில் எனக்கு இது ஆறாவது கோடை. என் வேலைக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் பண்பாட்டு வழிகாட்டி. அண்ணன் வைத்திருக்கிற பெயர், 'நம்மள வித்துத் திங்கிறவ'. கல்யாணங்களிலும் சாவு வீடுகளிலும்கூட அவன் அதைச் சொல்லிவிட்டான். நான் அதற்காகத் தலைகுனிந்தது கிடையாது. நான் போய் அந்தக் கூடத்தில் நிற்காவிட்டால், கோபன்ஹேகனில் நாலு புத்தகம் படித்துவிட்டு வந்த யாராவது அங்கே நின்று எங்களைப் பற்றிச் சொல்லப்போகிறார்கள். அவர்கள் சொல்லும்போது நாங்கள் எல்லோரும் எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்போம், அல்லது அழிந்துகொண்டே இருப்போம். நான் சொல்லும்போது எங்கள் ஊரில் கடன்காரனும் இருப்பான், கஞ்சனும் இருப்பான், அடுத்தவன் பெண்டாட்டியைப் பார்க்கிறவனும் இருப்பான். இதை அண்ணனிடம் ஒருமுறை சொன்னேன். "அப்ப நம்ம மானத்தையும் சேத்து விக்கிறே" என்றான். அவனோடு பேசி ஜெயிக்க முடியாது. அவனும் என்னோடு பேசி ஜெயித்ததில்லை.

ஹெட்விக்கைத் தேடிப் போனேன். பயணத்துக்குத் தலைவி அவள்தான். கப்பல் கேப்டனுடையது, பயணம் ஹெட்விக்குடையது என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். ஸ்வீடன்காரி. குளிரில் உதடு வெடித்து, அதன்மேல் எந்நேரமும் மெழுகு பூசிக்கொண்டிருப்பாள். அவள் அறையில் வெப்பக் குழாய்மேல் ஈரக் காலுறைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். கேட்பதில் அவளைக் குறை சொல்ல முடியாது.

"கரையில மொத எறக்கம் பனிக்கட்டியால போச்சு. ரெண்டாவது மூடுபனியில போச்சு" என்றாள். "வால்ரஸ் ஒண்ணக்கூட இன்னும் கண்ணுல காட்டல. சாப்பாட்டு மேசைக்கு மேசை என்ன பேசிக்கிறாங்கன்னு ஒனக்கே தெரியும். மிச்சம் இருக்கிறது ஒங்க ஊரு ஒண்ணுதான், நிவியாக்."

"ஊரு எங்கயும் போயிடாது. ரெண்டு நாள் தள்ளி வருவோம்."

"ரெண்டு நாள் தள்ளினா நாம கனடாக் கரையில இருக்கணும். வசந்தத்துலயே ஊர்க்காரங்ககிட்டக் கேட்டுத்தானே வெச்சோம்? சரின்னுதானே சொன்னாங்க?"

"வசந்தத்துல நார்வால் வரலையே, ஹெட்விக்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைத் தேய்த்தாள். "இப்படிச் செய்யலாம். கப்பலை உள்கடல் வாசல்ல இருக்கிற தீவுகளுக்கு வெளியவே நங்கூரம் போட்டுடுவோம். ரப்பர் படகு மட்டும் மெதுவாப் போகட்டும். அது எம்மாத்திரம் சத்தம்? தையல் மிஷின் மாதிரி."

"கேக்கப்போறது நீ இல்ல."

"நான் ஒண்ணும் கெட்டவ இல்ல" என்றாள்.

உண்மைதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டவள் அவள். என் அம்மா இறந்த சேதி வந்தபோது கப்பலையே திருப்பச் சொல்லி கேப்டனோடு சண்டை போட்டவளும் அவள்தான். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"சாயங்காலம் கூட்டத்துல நாளைக்கான வெவரத்த நீதான் சொல்லணும்" என்றாள் நான் கதவைத் திறக்கும்போது. "எப்பவும் சொல்ற மாதிரி. நாயத் தொடாதீங்க, கேக்காமப் படம் புடிக்காதீங்க. அவ்ளோதான்."

சாப்பாட்டுக்கு முன்னால் கையில் கோப்பையோடு எல்லோரும் கூடத்தில் கூடுவது வழக்கம். அன்றைக்குப் பார்த்த பறவைகளைப் பற்றி ஒருவர் பேசினார், பனிக்கட்டியின் வயதைப் பற்றி ஒருவர் பேசினார். ஆகஸ்டு மாதத்தில் எங்கள் பக்கம் சூரியன் மறைவதில்லை. அதனால் சாயங்காலம் என்பது வெளிச்சத்தில் இல்லை, அந்தக் கோப்பைகளில்தான் இருந்தது. பெரிய ஜன்னல்களுக்கு வெளியே பனிமலைகள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. என் முறை வந்தது. மைக்கை வாங்கும்போது நான் எப்பவும் சொல்கிற மாதிரியே சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. வாய்க்குப் பழகிய வார்த்தைகள், தானாக வந்துவிடும். அண்ணனிடம், 'நான் சொன்னேன், அவங்க கேக்கல' என்று சொல்லிக்கொள்ளலாம். அவனுக்கும் என்னைத் திட்ட இன்னொரு காரணம் கிடைக்கும். எல்லோருக்கும் அவரவர் இடம் பத்திரமாக இருக்கும்.

"நாளைக்கு எங்க கடல் அடைப்பு" என்றேன்.

புரியாமல் சிரித்தார்கள். வேடிக்கை என்று நினைத்தார்கள் போல. நான் எப்போதும் வேடிக்கையாகத்தான் தொடங்குவேன்.

"நெசமாத்தான் சொல்றேன். நார்வால் உள்ள வந்திருக்கு. எங்க ஊர்க்காரங்க காலைல துடுப்புப் போடற கயாக் படகுல போயி, கையால ஈட்டி எறிஞ்சு வேட்டையாடப் போறாங்க. இன்ஜின் படகு ஒண்ணு அந்தத் தண்ணியில நொழைஞ்சாலும் வேட்டை போச்சு. வேட்டை போச்சுன்னா குளிர்காலம் போச்சு. போன வருஷம் அப்படித்தான் போச்சு. ஊர்ல பாதி நாய்ங்களச் சுட்டுட்டாங்க. அதனால நாளைக்கு யாரும் எங்க ஊருக்கு வரக்கூடாது. நானே கூப்பிட்டேன், நானே சொல்றேன், வராதீங்க."

ஜன்னலோரம் இருந்து ஒருவர் எழுந்தார். விங்கெல்மான். ஹாம்பர்க்கில் பல் டாக்டர். முந்தின நாள்வரை என் பேச்சுக்கு முதலில் கை தட்டியவர் அவர்தான்.

"நீங்க சொல்றத நான் தப்பாப் புரிஞ்சுக்கலையே?" என்றார். "உலகத்துலயே அபூர்வமான உயிரு. அதக் குத்திக் கொல்றதுக்கு நாங்க வழிவிட்டு ஒதுங்கி நிக்கணும். அப்படித்தானே?"

"ஆமா. அப்படித்தான்."

"அப்ப நான் கண்டிப்பாப் போகணும். இன்ஜின் சத்தம் கேட்டு அதெல்லாம் தப்பிச்சுப் போகும்னா, இந்தப் பயணத்துல நான் செஞ்ச ஒரே நல்ல காரியம் அதுவாத்தான் இருக்கும்."

நாலைந்து பேர் கை தட்டினார்கள். எனக்கு முகம் சுட்டது. பயம் இல்லை, கோபம்தான். ஆனால் கோபத்தில் பேசினால் என் ஆங்கிலம் உடைந்துபோகும் என்பது எனக்குத் தெரியும். அதனால் நிதானமாக மூச்சுவிட்டுக்கொண்டேன்.

"டாக்டர், நீங்க கறிக்கடைக்குப் போற அன்னிக்கு நான் ஒங்க தெருவ மறிச்சிக்கிட்டு நின்னதில்ல" என்றேன். "எத்தனைய வேட்டையாடலாம்னு எங்களுக்குக் கணக்கு உண்டு, அதுக்கு மேல ஒண்ணத் தொட மாட்டோம். ஒங்களுக்கு ஒரு காலைப்பொழுது போகும். எங்களுக்குச் சோறு போகும்."

"அவ சொல்றது சரிதான்யா, உக்காரு" என்றது ஒரு குரல். தூர்டிஸ் அம்மாள். நார்வேயில் லோஃபோத்தன் தீவுக்காரி, எண்பதைத் தாண்டியவள், கைத்தடி இல்லாமல் நடக்க முடியாதவள். மீன் கம்பெனி நடத்தி வளர்ந்த குடும்பம். "எங்க கடல்லயும் எண்ணெய் தேடறேன்னு கப்பல் கப்பலா வந்து வெடி போட்டுக்கிட்டு இருந்தானுங்க. அந்த வருஷம் வலையில என் புருஷனுக்குச் சிக்கினது வெறும் தண்ணிதான்."

ஹெட்விக் என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள். அவள் விரல்கள் என் விரல்கள்மேல் பட்டபோது ஜில்லென்று இருந்தன. "எல்லாரோட உணர்வுக்கும் மதிப்புக் கொடுக்கிறோம்" என்று தொடங்கினாள். தூரத்தில் நங்கூரம், மெதுவான படகுகள், பொறுப்பான பயணம் என்று பேசினாள். நாளை இறங்குவது உறுதி என்று முடித்தபோது, டாக்டருக்குக் கை தட்டாதவர்களும் தட்டினார்கள். தூர்டிஸ் அம்மாள் மட்டும் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுத் தடியை மடிமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காலையில் கண் விழித்தபோது கப்பல் நின்றிருந்தது. ஜன்னலில் எங்கள் இரண்டு தீவுகள். பெரியது, சின்னது. நடுவே உள்கடலுக்குள் நுழைகிற குறுகலான வழி. கடல் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. இப்படிப்பட்ட தண்ணீரில் ஒரு துடுப்பை மரத்தில் தட்டினால்கூட அக்கரையில் கேட்கும். சின்ன வயதில் நாங்கள் வேட்டை நாட்களில் கரையில் கல் பொறுக்கி விளையாடக்கூடாது. யாராவது கல்லைக் கீழே போட்டால் பெரியவர்கள் அடிக்கமாட்டார்கள், வெறுமனே திரும்பிப் பார்ப்பார்கள். அது அடியைவிட மோசம்.

சிவப்பு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். ரப்பர் படகுகளில் ஏறுவதற்குக் கப்பலின் பக்கவாட்டில், தண்ணீருக்கு ஒரு ஆள் உயரம் மேலே, ஒரு இரும்புக் கதவு உண்டு. அதைத் திறந்துவிட்டால் அங்கிருந்து படிகள் படகுவரை இறங்கும். நான் போனபோது கதவு திறந்திருந்தது. முதல் படகு கீழே காலியாக ஆடிக்கொண்டிருந்தது. நடைபாதையில் சிவப்பு ஜாக்கெட்டுகள் வரிசையாக நின்றன. தூர்டிஸ் அம்மாள்தான் முதலில். அவளுக்குப் பின்னால் விங்கெல்மான். ஹெட்விக் ஒவ்வொருவரின் மிதவைச் சட்டையையும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவர்களைத் தாண்டிப் போய், கதவின் இரும்பு வாசற்படியில் உட்கார்ந்தேன். ஒரு பக்கச் சட்டத்தில் முதுகைச் சாய்த்து, எதிர்ச் சட்டத்தில் இரண்டு பாதங்களையும் ஊன்றினேன். கதவின் அகலமும் என் கால் நீளமும் சரியாக இருந்தன. இரும்பின் குளிர் கால்சட்டை வழியாக ஏறியது.

"நிவியாக், என்ன பண்றே?" என்றாள் ஹெட்விக்.

"உக்காந்திருக்கேன்."

"எழுந்திரு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பாக்கத்தானே வந்திருக்காங்க?"

அவள் என் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "இதுக்கப்புறம் என்னால ஒன்னக் காப்பாத்த முடியாது" என்றாள். அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. ஆனால் நான் பாதங்களை எடுக்கவில்லை.

விங்கெல்மான் வரிசையை விட்டு விலகி முன்னால் வந்தார். "மன்னிக்கணும்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு என் முழங்கால்களைத் தாண்டிக் காலை எடுத்து வைத்தார். அவர் காலணியின் அடிப்பாகம் என் தொடையில் உரசியது. படிகளில் இறங்கிப் படகில் உட்கார்ந்துகொண்டார். பிறகு மேலே பார்த்தார். அங்கே அவரும் ஓடாமல் கிடந்த ஒரு இன்ஜினும்தான். படகை ஓட்ட வேண்டியவன் என் தலைக்குப் பின்னால், நடைபாதையில், கையைக் கட்டிக்கொண்டு ஹெட்விக்கின் முகத்தைப் பார்த்தபடி நின்றான். டாக்டர் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார், கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார்.

"அடுத்தது யாரு?" என்றாள் ஹெட்விக் கடைசியில். "தூர்டிஸ் அம்மா, மெதுவாத் தாண்டிடுங்க. நான் புடிச்சுக்கறேன்."

"வரேன், வரேன்" என்றாள் தூர்டிஸ் அம்மாள். "இந்தச் சட்டையோட கொக்கி சரியில்ல." கொக்கியைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். மறுபடி கழற்றினாள். ஹெட்விக் உதவ வந்தபோது, "தொடாதே! எண்பது வருஷமா நானே மாட்டிக்கிட்டவ" என்று அதட்டினாள். பிறகு ஒரு காலணியைக் கழற்றி, அதற்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். அவளைத் தள்ளிவிட்டுப் போகிற தைரியம் அந்த வரிசையில் யாருக்கும் வரவில்லை.

அப்போதுதான் கேப்டன் யெக்வான் வந்தார். ஃபாரோ தீவுக்காரர். பயணிகளிடம் நாளுக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். அவர் ஊரிலும் திமிங்கிலத்தைக் கரைக்கு ஓட்டி வேட்டையாடுகிறார்கள், அதற்காக உலகமே அவர்களைத் திட்டுகிறது. அதனால் என் பக்கம் நிற்பார் என்று எனக்குள் ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. அவர் என் எதிரே நின்று, கதவையும் என்னையும் தண்ணீரையும் வரிசையாகப் பார்த்தார்.

"இந்த டாக்டர் பேசற பேச்செல்லாம் நான் சின்னப் புள்ளையிலேர்ந்து கேட்டவன்" என்றார். "ஆனா இது என் கப்பல். இது என் கதவு. என் கதவுல யாரும் உக்காரக்கூடாது. எழுந்திரும்மா."

"மாட்டேன், கேப்டன்."

"தூக்கச் சொல்லவா?"

"சொல்லுங்க. ஒங்க ஆளுங்கள வெச்சுத் தூக்குங்க. எல்லார் கையிலயும் கேமரா இருக்கு."

அவர் தாடையைத் தடவினார். "அப்ப ஒனக்கு இந்தக் கப்பல்ல வேலை இல்ல. எறங்கிடு."

"சரி. எறங்கறேன். அதோ தெரியுது பாருங்க, அதுதான் என் ஊரு. எப்படிக் கொண்டுபோய் விடப்போறீங்க? இன்ஜின் படகுலயா?"

நடைபாதையில் யாரோ சிரித்துவிட்டு உடனே இருமினார்கள். கேப்டனின் வாயோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பா, எரிச்சலா, எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றவனிடம், "ஒரு கயாக்கை எறக்கு" என்றார்.

பயணிகள் விளையாடுவதற்கென்று வைத்திருந்த மஞ்சள் பிளாஸ்டிக் கயாக் ஒன்றை இறக்கினார்கள். விங்கெல்மான் உட்கார்ந்திருந்த படகின் ஓரத்தில் அதைக் கட்டினார்கள். நான் எழுந்தேன். கால் மரத்திருந்தது. கம்பெனியின் சிவப்பு ஜாக்கெட்டைக் கழற்றி ஹெட்விக்கிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளாமல் நின்றாள். தரையில் போட மனம் வரவில்லை, அவள் தோளில் போட்டேன்.

"நான் போனதுக்கப்புறம் படகை அனுப்புவீங்களா?" என்று கேப்டனிடம் கேட்டேன்.

"அத ஒங்கிட்டச் சொல்ல வேண்டியதில்ல. நீ இப்ப என் ஆள் இல்ல" என்றார்.

படிகளில் இறங்கினேன். ரப்பர் படகைத் தாண்டித்தான் கயாக்கில் கால் வைக்க வேண்டியிருந்தது. டாக்டர் தன் முழங்கால்களை ஒடுக்கி எனக்கு வழிவிட்டார். நான், "மன்னிக்கணும்" என்றேன்.

கம்பளிச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு துடுப்புப் போட ஆரம்பித்தபோது குளிர் தெரியவில்லை. அவமானமும் தெரியவில்லை. சொல்லப்போனால் உடம்பு லேசாக இருந்தது. வேலை போய்விட்டது, நூக்கில் அறை இனி இல்லை, வருகிற குளிர்காலத்தில் எங்கே இருப்பேன் என்று தெரியாது. இதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன், எதுவும் பயமுறுத்தவில்லை. பயமுறுத்தியது ஒன்றுதான்: முதுகுக்குப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் எழக்கூடிய அந்தச் சத்தம். ஒவ்வொரு துடுப்புக்கும் நடுவில் காதை அங்கேயே வைத்திருந்தேன். கப்பலின் அடிவயிற்று உறுமல் மட்டும் கேட்டது. அதுவும் நின்றால் தேவலை என்று இருந்தது. துடுப்பின் நுனியை நீரில் சாய்த்து, குமிழி எழாமல் இழுத்தேன். கை அதை மறந்திருக்கவில்லை.

சின்னத் தீவின் பாறை மறைவில் அண்ணன் இருந்தான். தோல் போர்த்திய அவனுடைய கயாக், பாறையின் நிழலோடு நிழலாக நின்றது. முன்னால் ஈட்டியும், காற்றடைத்த சீல் தோல் மிதவையும் தயாராக இருந்தன. அவனுக்கு அப்பால், உள்கடலின் நடுவே, இன்னும் சில கயாக்குகள் கரும்புள்ளிகளாக அசையாமல் கிடந்தன. என்னைப் பார்த்ததும் அவன் முகம் இறுகியது. சத்தம் போட முடியாத கோபம் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குப் பார்த்தேன்.

"போடி" என்றான் கிசுகிசுப்பாக. "ஒன் கப்பலுக்கே போ. வேட்டைய வேடிக்கை பாக்கக் கூட்டிக்கிட்டு வந்துட்டியா?"

"யாரும் வரல. நான் மட்டுந்தான். கப்பல்லேர்ந்து எறக்கி விட்டுட்டாங்க."

"ஏன்?"

"கதவுல உக்காந்துட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். என் கம்பளிச் சட்டையைப் பார்த்தான். மஞ்சள் கயாக்கைப் பார்த்து முகம் சுளித்தான்.

"படகு வருமா?"

"தெரியாது. சொல்ல மாட்டேங்கறாரு."

"வந்தா?"

"இந்த வழியிலதானே வரணும்? குறுக்க நிப்பேன்."

"இடிச்சிட்டுப் போவான்."

"இடிக்கட்டும். ஒனக்குச் சந்தோஷமாத்தானே இருக்கும்?"

"வாயி மட்டும் கொறையல" என்றான். ஈட்டியைக் கையில் எடுத்து அதன் முனையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தான். அம்மா சாவுக்குப் பிறகு நாங்கள் இவ்வளவு கிட்டத்தில் இருந்ததில்லை. அவன் தாடியில் நரை விழுந்திருந்தது. கிழட்டு நாயைப் பற்றி இப்போது கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவனே, "போன வாரம் ஒரு பொட்டை நாய் குட்டி போட்டிருக்கு" என்றான், தண்ணீரைப் பார்த்தபடி. "தீனி இருந்தாத் தேறும்." பிறகு துடுப்பை எடுத்தான். "வழியில நின்னுக்கோ. ஆனா துடுப்பத் தூக்காத, வெயில்ல பளபளன்னு அடிக்குது. அதுங்க இந்தப் பக்கமாத்தான் வருது."

அவன் கயாக் ஓசையில்லாமல் விலகிப் போனது. நான் மஞ்சள் கயாக்கை இரண்டு தீவுகளுக்கும் நடுவே கொண்டுவந்து, கப்பலைப் பார்க்க அதன் மூக்கைத் திருப்பி நிறுத்தினேன். துடுப்பை மடிமேல் கிடத்தி அதன்மேல் கைகளை வைத்துக்கொண்டேன். அந்த வழிக்கு என் ஒருத்தியால் அணை போட முடியாது. இரண்டு பக்கமும் ஒரு படகு நுழைய இடம் இருந்தது. ஆனால் நுழைகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். கன்னத்தில் வெயிலும் குளிரும் ஒன்றாக அடித்தன. தூரத்தில் அந்தக் கதவு கறுப்புச் சதுரமாகத் தெரிந்தது. அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, கொஞ்சமும் அவசரப்படாமல், குனிவதும் நிமிர்வதுமாக இருந்தது. தூர்டிஸ் அம்மாளாக இருக்க வேண்டும். கீழே படகில் இன்னொரு சிவப்பு, தனியாக. படிகளில் யாரோ இறங்கினார்கள். படகோட்டியா, கேப்டனா, ஹெட்விக்கா, இங்கிருந்து தெரியவில்லை. இறங்கியவர் படகின் பின்பக்கம் போய், இன்ஜினருகே குனிந்தார்.

எனக்குப் பின்னால் முதல் மூச்சு எழுந்தது. நீண்டு, ஈரமாக, ஒரு பெரிய தோல்பையைத் திறந்துவிட்டதுபோல. அடுத்தது இன்னும் கிட்டே. பிறகு பலவாக, இடமும் வலமுமாக. நீரின் கீழே ஏதோ பெரியது கடந்து போனதில் கயாக் ஒருமுறை மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. கழுத்தில் மீன் வாடையோடு நுண்ணிய துளிகள் விழுந்தன. ஆறு கோடையாகப் படம் காட்டி நான் பேசிய கொம்புகள் என் முதுகுக்குப் பின்னால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டிருந்தன. நான் திரும்பவில்லை. இன்ஜினின்மேல் குனிந்திருந்த அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.